அழுத்தியதற்கும் பதிலுக்கும் நடுவே: ஊடாட்ட வடிவமைப்பைத் தொடங்குவது எப்படி

நான் புரோகிராமராக வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம். ஒரு மருத்துவமனைக்கு, மருத்துவரைப் பார்க்க நேரம் பதிவு செய்யும் செயலி ஒன்றை எழுதிக் கொடுத்திருந்தோம். வெளியான முதல் வாரத்திலேயே ஒரு புகார். ஒரே பெண்மணியின் பெயரில், ஒரே காலையில், அடுத்தடுத்து நான்கு நேரங்கள் பதிவாகியிருந்தன. கோளாறு என்று நினைத்து இரண்டு நாள் நிரலைத் தோண்டினேன். நிரலில் ஒன்றும் இல்லை. கடைசியில் அந்த அம்மாவே வந்தபோது அவர் கைப்பேசியில் செய்து காட்டச் சொன்னேன்.

“அடுத்த காலி நேரத்தைப் பதிவு செய்” என்ற பட்டனை அழுத்தினார். திரை அப்படியே இருந்தது. சற்று அழுத்தமாக இன்னொரு தடவை அழுத்தினார். “அன்றைக்கும் இப்படித்தான், நாலு தடவை அமுக்கின பிறகுதான் போச்சு” என்றார். எங்கள் சர்வர் பதில் சொல்ல மூன்று விநாடி எடுத்துக்கொண்டது. அவருடைய முதல் அழுத்தலிலேயே வேலை முடிந்திருந்தது. ஆனால் அதை அவருக்குச் சொல்ல ஒருவரும் இல்லை.

திரையின் நிறத்தை ஒருவர் முடிவு செய்திருந்தார். பட்டனின் வளைவை இன்னொருவர். சர்வரின் வேலையை நான். அந்த மூன்று விநாடிக்கு மட்டும் யாரும் பொறுப்பேற்கவில்லை. அப்படி ஒரு வேலை இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. அந்த வேலைக்குத்தான் ஊடாட்ட வடிவமைப்பு என்று பெயர், ஆங்கிலப் பெயரில் இன்டராக்‌ஷன் டிசைன். பதினான்கு வருடமாக அதைத்தான் செய்து வருகிறேன். புதிதாக இதற்குள் வருபவர்களுக்கு, அந்த ஒரே செயலியை உதாரணமாக வைத்து, வேலையை எப்படித் தொடங்குவது, எங்கே இடறும் என்று எழுதுகிறேன்.

இது எந்த வேலை?

ஒரு மனிதர் ஒன்றைச் செய்கிறார். கருவி பதில் சொல்கிறது. அந்தப் பதிலைப் பார்த்து மனிதர் அடுத்ததைச் செய்கிறார். இந்தப் போக்குவரத்து எப்படி நடக்க வேண்டும் என்று முன்கூட்டியே யோசித்துத் தீர்மானிப்பதுதான் இந்த வேலை. திரை அழகாக இருப்பது வேறு, நிரல் சரியாக ஓடுவது வேறு. இரண்டும் நன்றாக இருந்தும் அந்த அம்மா நாலு தடவை அழுத்தினார்.

இந்தப் பெயர் 1980-களின் நடுவில் வந்தது. பில் மாக்ரிட்ஜ் என்ற வடிவமைப்பாளர், 1982-ல் வெளிவந்த கிரிட் காம்பஸ் என்ற மடிக்கணினியின் உடலை வடிவமைத்தவர். மூடி எப்படித் திறக்க வேண்டும், கீல் எப்படி இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்திருந்தார். அதைத் தானே பயன்படுத்த ஆரம்பித்ததும், உடலெல்லாம் சில நிமிடங்களில் மறந்துபோய், திரைக்குள் இருந்த மென்பொருளோடு மல்லுக்கட்டுவதுதான் மிஞ்சியது என்று பின்னர் சொல்லியிருக்கிறார். வடிவமைப்பாளர் அக்கறை காட்ட வேண்டிய இடம் அந்தத் திரைக்குள்ளும் இருக்கிறது என்று அவருக்குப் பட்டது. பில் வெர்ப்ளாங்க் என்ற வடிவமைப்பாளரும் அவரும் சேர்ந்து அந்த வேலைக்கு வைத்த பெயர்தான் இது.

வெர்ப்ளாங்க் இந்த வேலையை மூன்று கேள்விகளாகச் சுருக்கினார். எப்படிச் செய்கிறோம்? எப்படி உணர்கிறோம்? எப்படி அறிகிறோம்? முதலாவது கையைப் பற்றியது: அழுத்துவதா, இழுப்பதா, திருகுவதா. இரண்டாவது, உலகம் நமக்குத் திருப்பிச் சொல்வது: வெளிச்சம், ஒலி, அதிர்வு, எழுத்து. மூன்றாவது, நம் மனதில் இருக்கும் வரைபடம்: இப்போது எங்கே இருக்கிறேன், இதற்குப் பிறகு என்ன வரும். நான் எந்தத் திரையைக் கையில் எடுத்தாலும் இந்த மூன்றையும் தாளில் எழுதி வைத்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன். எங்கள் செயலியில் முதல் கேள்விக்குப் பதில் இருந்தது. இரண்டாவதில் வெற்றிடம்.

முதலில் போய் உட்காருங்கள்

கோடு போட ஆரம்பிக்கும் முன், வேலை நடக்கும் இடத்தில் உட்கார வேண்டும். கேள்வித்தாள் எடுத்துப் போக வேண்டாம். “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று கேட்டால் மக்கள் நல்லெண்ணத்தோடு ஏதோ ஒரு வசதியைச் சொல்வார்கள். அவர்கள் தினமும் தாண்டி வரும் தடங்கல் அவர்களுக்கே பழகிப்போயிருக்கும். அது வாயிலிருந்து வராது, கையிலிருந்துதான் தெரியும்.

அந்த மருத்துவமனையின் வரவேற்பு மேசைக்குப் பின்னால் மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். அங்கே வேலை பார்த்த பெண்ணின் கணினித் திரையைச் சுற்றி ஏழு காகிதத் துண்டுகள் ஒட்டியிருந்தன. “பெயர் வரவில்லை என்றால் எஃப்5 இரண்டு தடவை.” “தேதி மாற்ற: முதலில் நீக்கு, பிறகு புதிதாகப் போடு.” “மூன்றாவது பட்டனை அழுத்தாதே.” அந்த ஏழு துண்டுகளும் எங்கள் மென்பொருள் சொல்லத் தவறியவை. நீங்கள் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் இவற்றைத் தேடுங்கள். திரையில் ஒட்டிய துண்டு, விசைப்பலகையில் மைபோட்டுக் குறித்த எழுத்து, இழுப்பறைக்குள் இருக்கும் பழைய நோட்டு. இவற்றை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டால், எதை முதலில் சரிசெய்ய வேண்டும் என்பதற்குத் தனியாகக் கூட்டம் போட வேண்டியிருக்காது.

இன்னொன்றையும் அங்கேதான் கவனித்தேன். தேதியை மாற்றும்போது அந்தப் பெண் பழைய பதிவை நீக்கிவிட்டுப் புதியதைத் தேடுவார். அந்த இடைவெளியில் பழைய நேரத்தை வேறொருவர் எடுத்துக்கொண்டால், புதிய நேரமும் கிடைக்காமல் நோயாளி இரண்டையும் இழப்பார். இதைப் பற்றி ஒருவரும் புகார் சொன்னதில்லை. எல்லோரும் அதைத் தங்கள் துரதிர்ஷ்டம் என்றே எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

திரைக்கு முன் உரையாடலை எழுதுங்கள்

அடுத்த படி, வரைவதற்கு முன் எழுதுவது. உங்கள் செயலி இருக்கும் இடத்தில் நல்ல மனசுள்ள, வேலை தெரிந்த ஒரு ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அவரும் பயனரும் என்ன பேசிக்கொள்வார்கள்? நாடக வசனம்போல எழுதுங்கள். தேதி மாற்றத்துக்கு நான் எழுதியது இது:

“செவ்வாய்க்கிழமை வர முடியாதுபோல இருக்கிறது.”
“பரவாயில்லை. புதன் காலை ஒன்று, வியாழன் மாலை ஒன்று காலியாக இருக்கிறது. எது வசதி?”
“வியாழன்.”
“சரி, வியாழன் மாலை 5 மணிக்கு மாற்றிவிட்டேன். செவ்வாய் நேரத்தை விட்டுக்கொடுத்துவிட்டேன்.”

இதை எழுதியதும் மூன்று விஷயங்கள் தானாகவே புரிந்தன. நல்ல மனிதர் யாரும் “முதலில் செவ்வாயை நீக்குங்கள்” என்று தொடங்க மாட்டார். காலண்டர் முழுவதையும் முன்னால் விரிக்காமல், காலியான நேரங்களைத்தான் முதலில் சொல்வார். வேலை முடிந்ததும் இரண்டையும் சொல்வார்: புதியது கிடைத்தது, பழையது போயிற்று. இதற்கு முன் எங்கள் திரையில் ஆறு படிகள் இருந்தன. உரையாடலை அப்படியே திரையாக மாற்றியபோது இரண்டு படிகள் போதுமானதாக இருந்தது.

வசனத்தை வாய்விட்டுப் படியுங்கள், இது முக்கியம். “தங்கள் கோரிக்கை செயலாக்கப்படுகிறது” என்று எதிரே இருப்பவரிடம் எந்த மனிதரும் சொல்வதில்லை. வாயில் வராத வாக்கியத்தைத் திரையிலும் வைக்காதீர்கள்.

ஒவ்வொரு திரைக்கும் எல்லா நிலைகளும்

புதிதாக வருபவர்கள் ஒரு திரைக்கு ஒரு படம்தான் வரைகிறார்கள். எல்லாத் தகவலும் நிறைந்து, எல்லாப் பெயர்களும் அளவாக இருக்கும் படம். உண்மையில் ஒரு திரைக்குப் பல முகங்கள். இன்னும் எதுவும் இல்லாதபோது ஒன்று. தகவல் வந்துகொண்டிருக்கும்போது ஒன்று. பாதி வந்து பாதி வராதபோது ஒன்று. தவறிப்போனால் ஒன்று. முடிந்துவிட்டால் ஒன்று. பெயர் நாற்பது எழுத்து நீண்டால் இன்னொன்று. எல்லாவற்றையும் வரையுங்கள், பென்சிலால் போதும். நீங்கள் வரையாததைப் புரோகிராமர் தன் அவசரத்தில் முடிவு செய்வார். நானே அப்படி முடிவு செய்தவன்தான், அந்த மூன்று விநாடி அப்படித்தான் பிறந்தது.

காத்திருக்கும் நேரத்துக்கு ஒரு பழைய அளவுகோல் உண்டு. ராபர்ட் மில்லர் என்ற ஆய்வாளர் 1968-ல் எழுதியதிலிருந்து வந்தது, பிறகு பயன்பாட்டு எளிமையை ஆராய்ந்த ஜேக்கப் நீல்சன் அதை எங்கும் பரப்பினார். பதில் 0.1 விநாடிக்குள் வந்தால் நம் கையே அதைச் செய்ததுபோல இருக்கும். 1 விநாடி வரை, தாமதம் தெரிந்தாலும் எண்ண ஓட்டம் அறுபடாது. 10 விநாடியைத் தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடும். நான் இதை இப்படிப் பயன்படுத்துகிறேன். அழுத்திய பட்டன் உடனே தன் தோற்றத்தை மாற்ற வேண்டும், இதற்கு சர்வரைக் கேட்க வேண்டியதில்லை. ஒரு விநாடிக்கு மேல் ஆகுமென்றால் “பதிவு செய்கிறோம்” என்று எழுத்தில் சொல்ல வேண்டும், பட்டன் மறுபடி அழுத்த முடியாமல் இருக்க வேண்டும். பத்தைத் தாண்டுமென்றால் எவ்வளவு முடிந்தது என்று காட்டி, அந்தப் பக்கத்தைவிட்டுப் போக அனுமதித்து, முடிந்ததும் செய்தி அனுப்ப வேண்டும்.

இதில் நான் செய்த இரண்டாவது தவற்றைச் சொல்லியே ஆக வேண்டும். அந்த அம்மாவின் நாலு பதிவுக்குப் பிறகு, பதில் சீக்கிரம் தெரிய வேண்டும் என்ற ஆர்வத்தில், அழுத்திய உடனேயே பச்சை நிற டிக் வரும்படி மாற்றினேன். எல்லோருக்கும் பிடித்திருந்தது. இரண்டு வாரம் கழித்து, பதிவே இல்லாத நோயாளிகள் மருத்துவமனைக்கு வர ஆரம்பித்தார்கள். அவர்கள் அழுத்திய நேரத்தில் இணைப்பு அறுந்திருக்கிறது. டிக் வந்தது, பதிவு போகவில்லை. ஒரு பெரியவர் பச்சை டிக்கைப் படமெடுத்து வைத்திருந்தார். அதை என்னிடம் நீட்டிக் காட்டினார். எனக்குச் சொல்ல பதில் இல்லை.

இதே பிழை மிகப் பெரிய இடத்திலும் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில், 1979 மார்ச் 28 அன்று, அழுத்தத்தைக் குறைக்கத் திறந்த ஒரு வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் அதற்கான விளக்கு அணைந்திருந்ததால் வால்வு மூடிவிட்டது என்று பணியாளர்கள் எண்ணினார்கள். அந்த விளக்கு காட்டியது வால்வின் நிலையை அல்ல, “மூடு” என்று கட்டளை போனதை மட்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் குளிர்நீர் வெளியேறிக்கொண்டே இருந்தது, உலையின் ஒரு பகுதி உருகியது. விபத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் அந்த விளக்கைப் பற்றிப் படித்த நாளில், அந்தப் பெரியவரின் கையிலிருந்த படம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

அதனால், “அனுப்பினோம்”, “பதிவாகிவிட்டது” இரண்டையும் வெவ்வேறு சொற்களாலும் வெவ்வேறு உருவத்தாலும் காட்டுங்கள். இரண்டுக்கும் ஒரே டிக் போடாதீர்கள்.

தவறுக்கு இடம் கொடுங்கள்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி-17 விமானங்கள் தரையிறங்கிய பிறகு, விமானிகள் சிலர் சக்கரத்தை உள்ளே மடக்கிவிட்டார்கள். இறக்கையின் பின்விளிம்பில் இறங்கி ஏறும் மடிப்பை (ஃபிளாப்) மடக்கப் போனவர்கள் அவர்கள். அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் போய்ப் பார்த்தார். இரண்டு விசைகளும் ஒரே மாதிரி, பக்கத்தில் பக்கத்தில். சக்கர விசையின் நுனியில் சிறு சக்கர வடிவமும், மடிப்பு விசையில் ஆப்பு வடிவமும் வைக்கச் சொன்னார். களைத்த விமானியின் விரலுக்கே வித்தியாசம் தெரிந்தது. விமானியின் பிழை என்று எழுதி மூடியிருந்தால் அது தொடர்ந்திருக்கும்.

வடிவமைப்பைப் பற்றி எழுதும் ஆய்வாளர் டான் நார்மன் தவறுகளை இரண்டாகப் பிரிக்கிறார். எண்ணியது சரி, கை தவறிப்போனது ஒரு வகை. எண்ணியதே தவறு என்பது இன்னொரு வகை. இரண்டுக்கும் மருந்து வேறு. கை தவறுவதற்குப் பட்டன்களைத் தள்ளி வையுங்கள், வடிவத்தை மாற்றுங்கள், செய்ததைத் திரும்பப் பெற வழி கொடுங்கள். எண்ணமே தவறினால் பட்டனின் இடத்தை மாற்றிப் பயனில்லை. சொற்களையும் அந்த மன வரைபடத்தையும் சரிசெய்ய வேண்டும்.

எங்கள் செயலியில் இரண்டாவது வகைக்கு ஒரு நல்ல உதாரணம் இருந்தது. முன்பதிவு வேண்டாம் என்று சொன்னால் ஒரு பெட்டி எழும். “முன்பதிவை ரத்து செய்யவா?” கீழே இரண்டு பட்டன்கள்: “சரி”, “ரத்து”. ரத்து செய்ய வந்தவர் எதை அழுத்துவார்? பாதிப் பேர் “ரத்து” என்பதை அழுத்தினார்கள், பெட்டி மூடியது, பதிவு அப்படியே இருந்தது. பட்டனில் அது செய்யப்போகும் வேலையையே எழுதுங்கள். “பதிவை நீக்கு”, “அப்படியே இருக்கட்டும்.” மேலே இருக்கும் கேள்வியைப் படிக்காமலே பட்டனை மட்டும் பார்த்தால் புரிய வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் அதைத்தான் செய்கிறார்கள்.

“உறுதியாகவா?” என்று கேட்கும் பெட்டிகளை நான் கூடியவரை தவிர்க்கிறேன். பத்து தடவை கேட்டால் பதினோராவது தடவை கை தானாக “ஆம்” என்று அழுத்தும். அதற்குப் பதிலாக, செய்துவிட்டு, “நீக்கிவிட்டோம், திரும்ப வேண்டுமா?” என்று சிறிது நேரம் வைத்திருங்கள். திரும்பப் பெறவே முடியாத செயலுக்கு மட்டும் முன்கூட்டியே கேளுங்கள்.

வரிசையும் ஒரு காப்புதான். ஏடிஎம் பணத்தை முதலில் கொடுத்தால், வந்த வேலை முடிந்தது என்று மனம் நினைத்துவிடும், அட்டை உள்ளேயே நின்றுவிடும். அதனால்தான் பல ஏடிஎம்களில் அட்டையை எடுத்த பிறகே பணம் வருகிறது. மக்களுக்கு முக்கியமானது எதுவோ அதைக் கடைசியில் கொடுங்கள், மறக்கக்கூடியதை அதற்கு முன்னால் வையுங்கள்.

கை, கண், காது

இதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அளவுகள் தெளிவாக இருக்கின்றன. பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் 1954-ல் காட்டியது: ஓர் இலக்கைத் தொட ஆகும் நேரம் அதன் தூரத்தையும் அகலத்தையும் பொறுத்தது. தூரமாக, சிறிதாக இருந்தால் நேரமும் பிழையும் கூடும். தொடும் பகுதி குறைந்தது 44 புள்ளி என்று ஆப்பிள் சொல்கிறது, 48 டிபி என்று ஆண்ட்ராய்டு சொல்கிறது (இரண்டும் திரையை அளக்கும் அலகுகள்). பின்னது சுமார் 9 மில்லிமீட்டர். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்பது இணைய அணுகல் வழிகாட்டிகளின் விதி. நிறத்தை மட்டும் நம்பி எதையும் சொல்லாதீர்கள், சிவப்பும் பச்சையும் சிலருக்கு ஒன்றுபோலத் தெரியும்.

அப்புறம், வாரத்தில் ஒரு நாள் திரையில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லும் வசதியான திரை வாசிப்பானை உங்கள் கைப்பேசியில் இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு, உங்கள் செயலியில் ஒரே ஒரு வேலையை முடித்துப் பாருங்கள். நான் முதல் தடவை செய்தபோது அது “பட்டன், பட்டன், பட்டன்” என்று மட்டுமே சொன்னது. பெயரே வைக்காத மூன்று படங்கள் அவை. பார்வை இல்லாத ஒருவர் எங்கள் செயலியில் நேரம் பதிவு செய்ய முயன்றிருந்தால் என்ன கேட்டிருப்பார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஐந்து பேரிடம் காட்டுங்கள், வாயை மூடிக்கொண்டு

நிரல் எழுதும்வரை காத்திருக்க வேண்டாம். தாளில் வரைந்த திரைகளை முன்னால் வைத்து, அவர் விரலால் அழுத்தினால் அடுத்த தாளை நீங்கள் மாற்றுங்கள். தாள் என்பதால் “இது இன்னும் முடியவில்லை” என்று அவருக்குத் தெரியும், மனம்விட்டுக் குறை சொல்வார். ஜெஃப் ஹாக்கின்ஸ், பாம் பைலட் என்ற கையடக்கக் கருவி உருவாவதற்கு முன், அதே அளவில் ஒரு மரத்துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சுற்றினார். கூட்டத்துக்கு நேரம் குறிக்க வேண்டுமென்றால் மரத்துண்டை எடுத்துத் தட்டுவதுபோலச் செய்வார். பைக்குள் அடங்குகிறதா, எதற்காக எடுக்கத் தோன்றுகிறது என்பதற்கெல்லாம் அந்தத் துண்டே பதில் சொன்னது.

பரிசோதனையில் உட்காரும்போது நான் சொல்வது இவ்வளவுதான். “நாங்கள் சோதிப்பது இந்தத் திரையை, உங்களை அல்ல. மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். நான் உதவி செய்யவில்லை என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.” பிறகு வேலையைச் சொல்வேன். “தேதி மாற்று என்பதை அழுத்துங்கள்” என்று சொல்லக் கூடாது. அது விடையைச் சொல்வது. “செவ்வாய் நீங்கள் ஊரில் இல்லை. என்ன செய்வீர்கள்?” என்று கேட்க வேண்டும்.

கஷ்டமான பகுதி அதற்குப் பிறகுதான். எதிரே இருப்பவர் தடுமாறும்போது உங்கள் கை தானாக நீளும். நாம் செய்த பொருளைக் காப்பாற்றத் தோன்றும். மடியில் கைகளைக் கோத்து வைத்துக்கொள்ளுங்கள். அவர் “இதை அழுத்தலாமா?” என்று கேட்டால், “அழுத்தினால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்?” என்று திருப்பிக் கேளுங்கள். அந்தப் பதிலில் அவருடைய மன வரைபடம் முழுதாகத் தெரியும். தயங்கிய இடம், திரும்பி வந்த இடம், “ஓ, அப்படியா” என்று சொன்ன இடம், மூன்றையும் குறியுங்கள். “நன்றாக இருக்கிறது” என்று கடைசியில் சொல்வதைக் குறிக்க வேண்டாம், அது மரியாதைக்காகச் சொல்வது.

எத்தனை பேர் போதும்? நீல்சனும் லேண்டாவர் என்ற ஆய்வாளரும் 1993-ல் போட்ட கணக்கின்படி, ஒருவர் சராசரியாக 31 சதவீதச் சிக்கல்களை வெளிக்கொண்டுவந்தால், 5 பேர் சுமார் 85 சதவீதத்தைக் காட்டிவிடுவார்கள். அந்த 31 எல்லாச் செயலிக்கும் பொருந்தாது, அதனால் எண்ணைப் பிடித்துத் தொங்க வேண்டாம். நான் ஐந்து பேரிடம் காட்டி, சரிசெய்து, வேறு ஐந்து பேரிடம் காட்டுவேன். ஆனால் ஐந்து பேரும் உங்கள் அலுவலக நண்பர்களாக இருந்தால் ஐம்பது பேரிடம் காட்டினாலும் பயனில்லை.

எங்கே இடறும்

படிகள் இவை. இவற்றைச் செய்யவிடாமல் தடுப்பவை வேறு, பெரும்பாலும் திரைக்கு வெளியே இருப்பவை.

முதலாவது, சிக்கலை யார் சுமப்பது என்ற சண்டை. வெட்டி ஒட்டும் வசதியை உருவாக்கியவர்களில் ஒருவரான லாரி டெஸ்லர் சொன்னது: எந்தச் செயலியிலும் குறைக்கவே முடியாத ஒரு பங்கு சிக்கல் இருக்கும், அதைப் பயனர் சுமப்பதா, செய்பவர் சுமப்பதா என்பதுதான் கேள்வி. தேதி மாற்றத்தை இரண்டு படியாக்க, பழைய நேரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டே புதியதைத் தேடும்படி எங்கள் சர்வரை மாற்ற வேண்டியிருந்தது. மூன்று வார வேலை. “ஆறு படி என்றால் என்ன, பழகிக்கொள்வார்கள்” என்றார் திட்டப் பொறுப்பாளர். அவரோடு வாதாடவில்லை. பரிசோதனையில் எடுத்த நான்கு நிமிடக் காணொலியைப் போட்டேன். ஒரு முதியவர் தன் பழைய நேரத்தை நீக்கிவிட்டு, புதியது கிடைக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். மூன்று வாரம் கிடைத்தது. வடிவமைப்புக் கோட்பாட்டைச் சொல்லி இதுவரை எந்தக் கூட்டத்திலும் நான் ஜெயித்ததில்லை, காணொலியால் பல தடவை ஜெயித்திருக்கிறேன்.

இரண்டாவது, பழக்கம். மோசமான திரையையும் மக்கள் கைப்பழக்கத்தால் வேகமாக ஓட்டுவார்கள். நீங்கள் அதைச் சீராக்கினால் முதல் வாரத்தில் அவர்கள் மெதுவாகிவிடுவார்கள், கோபமும் வரும். வரவேற்பு மேசைப் பெண் எஃப்5 இரண்டு தடவை தட்டுவதை நிறுத்த ஒரு மாதம் ஆயிற்று. மாற்றங்களைச் சேர்த்து வைத்து ஒரே நாளில் கொட்டாதீர்கள். எதை எங்கே நகர்த்தினீர்கள் என்று பழைய இடத்திலேயே ஒரு வரி எழுதி வையுங்கள்.

மூன்றாவது, மொழி. ஆங்கிலத்தில் நான்கு எழுத்தில் அடங்கும் பட்டன் தமிழில் இரண்டு வரியாகும். பட்டனின் அகலத்தை எண்ணாகக் கட்டிப்போடாமல், எழுத்துக்கேற்ப விரியவிடுங்கள். வரி உயரத்தையும் பாருங்கள், “கூ”, “நீ” போன்றவற்றின் வளைவுகள் வெட்டுப்படுவதை எத்தனையோ செயலிகளில் பார்த்திருக்கிறேன். முடிந்தால் நீளமான மொழியிலேயே முதலில் வரையுங்கள்.

நான்காவதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. வேறொரு நிறுவனத்தில் சந்தாவை நிறுத்தும் பட்டனைக் கண்ணில் படாத இடத்துக்கு நகர்த்தச் சொன்னார்கள். நிறுத்துபவர்களின் எண்ணிக்கை குறையுமாம். இப்படி மக்களை ஏமாற்றும் உத்திகளுக்கு ஹாரி பிரிக்னல் என்ற வடிவமைப்பாளர் 2010-ல் டார்க் பேட்டர்ன் என்று பெயர் வைத்தார். நமக்குத் தெரிந்த எல்லா வித்தையும் இதற்கும் பயன்படும்: தூரம், அளவு, சொல், வரிசை. ஃபிட்ஸின் விதியைத் தலைகீழாகப் போட்டால் போதும். நான் முடியாது என்றேன். கூடவே வாடிக்கையாளர் உதவிக்கு வந்த அழைப்புகளில், நிறுத்த வழி தெரியாமல் வந்தவை எத்தனை என்று எண்ணிக் காட்டினேன். கேட்கவில்லை. இரண்டு மாதத்தில் அங்கிருந்து விலகினேன். எல்லோராலும் விலக முடியாது என்று எனக்குத் தெரியும். குறைந்தபட்சம் மறுப்பை எழுத்தில் வையுங்கள், அடுத்து வருபவருக்கு அது துணையாக இருக்கும்.

ஐந்தாவது புதியது. ஒரே பட்டனுக்கு ஒரே பதில் என்ற உறுதி இப்போது தளர்கிறது. பேசும் உதவியாளர்களும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் ஒரே கேள்விக்கு இரண்டு தடவை இரண்டு விதமாகப் பதில் சொல்லக்கூடும், தவறையும் உறுதியாகச் சொல்லும். இங்கே நான் மூன்று விஷயங்களைப் பிடித்துக்கொள்கிறேன். கருவி புரிந்துகொண்டதை முதலில் காட்ட வேண்டும்: “வியாழன் மாலை என்று கேட்டேன், சரிதானா?” ஒரே தட்டில் திருத்த முடிய வேண்டும். மனிதரிடம் போகும் வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும். இதைச் சோதிக்கவும் நிரல் வேண்டாம். 1980-களில் ஜே. எஃப். கெல்லி என்ற ஆய்வாளர் பயன்படுத்திய முறை இருக்கிறது: திரைக்குப் பின்னால் ஒரு மனிதர் மறைந்திருந்து கணினிபோலப் பதில் தட்டுவார். சோதனை முடிந்ததும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

தொடங்க நினைப்பவர்கள் இந்த வாரமே ஒன்று செய்யலாம். நீங்கள் தினமும் தொடும் ஒரு செயலியில் ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உரையாடலை எழுதுங்கள். எல்லா நிலைகளையும் பென்சிலால் வரையுங்கள். உங்களைவிட வயதில் மூத்த ஒருவரிடம் அந்தத் தாள்களைக் கொடுத்து, கைகளைக் கோத்துக்கொண்டு உட்காருங்கள்.

புதிய தேதி மாற்றத் திரை வெளியாகி ஒரு மாதம் கழித்து அந்த வரவேற்பு மேசைக்கு மறுபடி போனேன். ஏழு காகிதத் துண்டுகளில் ஐந்து காணவில்லை, ஒட்டியிருந்த இடத்தில் பசையின் தடம் மட்டும் இருந்தது. புதிதாக ஒன்று ஒட்டியிருந்தது: “இரண்டு பேருக்கு ஒரே பெயர் என்றால் பிறந்த தேதியைக் கேள்.” நோட்டைத் திறந்து அதை எழுதிக்கொண்டேன்.